சிவந்த செம்பு தெரியும் வரை

காலையில் எதிர்வீட்டுக்காரர் மழைக்கு முந்திக்கொண்டு குப்பையைக் கொளுத்திவிட்டார். முதலில் சருகு எரிகிற வாசனை. அது ஒன்றும் செய்யாது. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பிளாஸ்டிக், ஒயர் துண்டோ பேனா மூடியோ, சுருண்டு உருகியிருக்க வேண்டும். இனிப்பாகத் தொடங்கித் தொண்டையில் கசப்பாக முடிகிற அந்த வாசனை, படியேறி உள்ளே வந்தது. கையில் காப்பி டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டேன். அடுப்படியில் என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு நிற்பதும் தெரிந்தது. எங்கள் வீட்டில் இந்த வாசனைக்குள் ஒரு மகள் இருக்கிறாள், ஒரு பழைய கார் இருக்கிறது, போன ஐப்பசி இருக்கிறது.

முதன்முதலில் அது வந்தது திருமயத்துக்குச் சற்று முன்னால். தூறல். நனைந்த பாறையின் மேல் கோட்டை கறுத்துத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் என் மகள். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கைகள். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம், அவள் புருஷன் வீட்டுக்கு. "வந்து உக்காந்து பேசித் தீத்துக்கலாம், புள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்று சம்பந்தி போன் செய்திருந்தார்.

சித்திரையில் அவளை அங்கிருந்து கூட்டி வந்ததும் இதே கார்தான். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கேட்டார்கள். அடிச்சானா? இல்லை. குடிக்கிறானா? இல்லை. வேற தொடுப்பு? இல்லை. அப்பறம் என்னத்துக்கு வந்தா? வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து திறப்பான். அவள் லேப் வேலையை விட வைத்தது அவன்தான். வேலை இல்லாதவள் வெளியே போக என்ன தேவை என்று கேட்டவனும் அவன்தான். பூட்டிய வீடு எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. கானாடுகாத்தானில் தெருத்தெருவாகப் பூட்டித்தான் கிடக்கின்றன. ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தால் தூணும் இருட்டும் வௌவாலும் தெரியும். ஆனால் அங்கெல்லாம் உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்து பூட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"ப்பா, ஏதோ கருகுது."

"ரோட்டுல தார் போடுவாக, ஆத்தா."

"மழையில யாருப்பா தார் போடுவா?"

வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரத்தில் ஹாரன் தானாக அடித்தது. நான் தொடவே இல்லை. நீளமாக, மூக்கை அடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு சத்தம். முன்னால் போன பால் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டினார். ஸ்டியரிங்கைத் தட்டினேன், அடித்தேன், ஓயவில்லை. பிறகு மீட்டருக்குள் இருந்த வெளிச்சம் அணைந்தது. பக்கத்து இருக்கைக்கு முன்னால், டேஷ்போர்டின் இடுக்கிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஓர் இழை எழுந்தது. நிறுத்தி இருவரும் மழையில் இறங்கினோம். அவள் கைப்பையைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினாள். அதை ஏன் கவனித்தேன் என்று தெரியாது.

ஒரு டீக்கடையில் ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டேன். வண்டி புகையுது, திருச்சிக்குப் போக முடியாது போல இருக்கு என்றேன்.

"சரி, திரும்பி வந்துருங்க" என்றாள். ஒரு கேள்வி இல்லை. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே என்றுகூடக் கேட்கவில்லை. அந்த வேகம் எனக்கு உறுத்தியது. அப்போது மழைச் சத்தத்தில் அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாக அமைதியாக இருந்தோம். மனைவி போனில் சொந்தங்களிடம், "எல்லாம் சரியாப் போகும், தை பொறந்ததும் போயிருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், மகள் காதில் விழும்படியே. மகள் ஒன்றும் சொல்லாமல் விண்ணப்பங்கள் அனுப்பினாள். ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது சொன்னாள், தொண்டியில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை கிடைத்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும் என்று. ஊருக்கு வெளியே சின்ன வீடு பார்த்திருக்கிறாள். டியூட்டி முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது.

"கார எடுத்துட்டுப் போகவாப்பா?"

என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், "வண்டி சரியாச்சுன்னா எடுத்துட்டுப் போ, ஆத்தா." நியாயமாகப் பேசிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி. அந்தச் 'சரியாச்சுன்னா' என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கார் இல்லாவிட்டால் தொண்டி இல்லை. தொண்டி இல்லாவிட்டால் வீடு. வீட்டில் இருந்தால் திருச்சிக்காரர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் நான் முடியாது என்று சொல்ல மாட்டேன் என்பது அந்தச் சாப்பாட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாளே காரைப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வெற்றிலை வாயை அண்ணாந்து வைத்துக்கொண்டே பேசுவார். பானெட்டைத் திறந்து பார்த்தார், ஹாரனைத் தட்டிப் பார்த்தார்.

"ஹாரனு போச்சு சார். வயசாயிருச்சுல்ல, தன்னால பொலம்புது. நம்ம மாதிரி."

புது ஹாரன் போட்டார். மீட்டர் விளக்குக்குப் புது ஃப்யூஸ் போட்டார். வெயில் அடித்தது, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். சாயங்காலம் இடி இடித்து மழை வந்தது. விடியற்காலையில் புது ஹாரன் பழைய அழுகையை அழுதது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்து, "என்ன, திருச்சிக்குக் கெளம்பியாச்சா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுபடி கடைக்குப் போனேன். மறுபடி வெயில். மறுபடி ஒன்றுமில்லை.

"சார், நீங்க சொல்றீகளேன்னுதான் பாக்குறேன். எங்கிட்ட வந்தா நல்ல புள்ளையா நிக்கிது, உங்க வீட்டுக்கு வந்தாத்தான் அடம் பண்ணுது. வண்டிக்கு என்னைய புடிச்சுப்போச்சு போல."

"கண்டுபிடிக்க முடியாதா?"

"எலி கடிச்சிருக்கும். முழுசா ஒயரிங்க உருவிப் போடணும். தீவாளி வேல கெடக்கு, அங்குட்டு ஒரு வாரம், இங்குட்டு ஒரு வாரம்." பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு பண்ணலாம். ஃப்யூஸுல ஒரு இழை செம்புக் கம்பிய சுத்திவிட்டுறேன். அப்பறம் போகவே போகாது. ஹாரன் ஒயர கழட்டி விட்டுறலாம். பாப்பா ஹாரன் அடிக்காம ஓட்டட்டும், பொம்பளப் புள்ள தானே, மெதுவாத்தான் போகும்."

உண்மையைச் சொன்னால், எனக்குச் சரி என்று வாய் வரைக்கும் வந்தது. நம் பக்கத்தில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் என்னோடு வந்திருந்த மகள், பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்தாள்.

"அண்ணே, ஃப்யூஸு போறது வண்டி எரியாம இருக்கத்தானே? கம்பிய சுத்துனா எது எரியும்?"

"ஒயரு எரியும்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னம்மா, வண்டி எரியும்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "சரி விடுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

வரும் வழியில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அரியக்குடி ரயில்வே கேட்டில் நின்றபோது சொன்னாள், "ப்பா, வெயில்ல ஒண்ணும் இல்ல. மழை பேஞ்சாத்தான். ஹாரனும் ஃப்யூஸும் வேற வேற இல்ல, ரெண்டும் ஒண்ணா எங்கயோ நனையுது. அந்த அண்ணன் ஒரு தடவகூட நனைஞ்ச வண்டியப் பாக்கவே இல்ல."

"அதுக்கு?"

"மழைக்காகக் காத்திருக்கணும்."

ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துப் பழகியவள். எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகிற பொறுமை அவளுக்கு வேலையில் வந்ததா, அந்தப் பூட்டிய வீட்டில் வந்ததா, தெரியவில்லை. செல்போனில் யாரோ ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்து, ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர்களைச் சேர்த்துக்கொண்டாள். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். ஒயர் எங்காவது ஷார்ட் ஆகியிருக்கிற வரைக்கும் பல்பு பளிச்சென்று எரியும். கோளாறான இடத்தைப் பிரித்தாலோ நகர்த்தினாலோ பல்பு மங்கும். ஒயர் எரியாது, ஃப்யூஸ் போகாது, வெளிச்சம் மட்டும் சொல்லும்.

மழை வரவில்லை. அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் வானம் வெளுத்துக் கிடந்தது. விவசாயம் பார்க்கிற என் பங்காளிகள்கூட அந்த ஐப்பசியில் என்னைப்போல அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை போனது. என் மனைவி சாப்பாட்டுக் கூடையில் மகளுக்கு ஊறுகாய் பாட்டில்களை எடுத்து வைப்பாள், பிறகு வெளியே எடுத்து அலமாரியில் வைப்பாள். போகட்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. முப்பது வருஷத்தில் கேட்காமல் விட்டவற்றை அடுக்கினால் எங்கள் வீட்டுப் பரணில் இடம் பத்தாது.

சனிக்கிழமை காலை மழை வந்தது. சத்தமில்லாமல், ஊறுகிற மழை. மகள் கதவைத் தட்டி எழுப்பினாள். "வாங்கப்பா, கெடச்சிருச்சு" என்றாள், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

கார் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். அவள் ஸ்டியரிங் பக்கம் குனிந்து ஃப்யூஸைப் பிடுங்கி, பல்பைச் செருகி, விளக்குச் சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. எவ்வளவு பிரகாசம்! காருக்குள் ஒரு சின்னச் சூரியன் மாதிரி, கூச்சமில்லாத, பொய் சொல்லத் தெரியாத ஒரு வெளிச்சம்.

பின்பக்க விளக்கின் சாக்கெட்டைக் கழற்றினேன். "எரியுதா?" "எரியுது." நம்பர் பிளேட் விளக்கு. "எரியுது." முன்பக்கம் இரண்டு பக்கமும். "எரியுதுப்பா." மீட்டரைப் பிதுக்கி வெளியே எடுத்து அதன் பின்னால் இருந்த இணைப்பைப் பிரித்தேன். "எரியுது." நனைந்த சட்டை முதுகில் ஒட்டியது. கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. பல்பு மட்டும் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று எரிந்துகொண்டிருந்தது.

"வெளக்கு எதுலயும் இல்லப்பா. ஒயர்லதான் இருக்கு. கைய விட்டு ஒவ்வொரு எடமா ஆட்டுங்க. நான் பல்பப் பாத்துச் சொல்றேன்."

பக்கத்து இருக்கையின் முன்னால் படுத்துக்கொண்டு, டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருட்டில் கையை விட்டேன். வழக்கமாக என் மனைவி கால் நீட்டி உட்காருகிற இடம். ஒயர்க் கட்டு ஒன்று குழந்தை மணிக்கட்டு தண்டியில் தட்டுப்பட்டது. அதை ஆட்டினேன்.

"ஒண்ணும் இல்ல."

இன்னும் உள்ளே.

"ஒண்ணும் இல்ல... இருங்க. ஆடுச்சு. என்ன பண்ணுனீக?"

"சும்மா தொட்டேன்."

"மறுபடி தொடுங்க. மங்குது... அணைஞ்சிருச்சு. ப்பா, கைய எடுக்காதீக! அங்கதான்!"

விரல்களில் ஈரம். பிசுபிசுவென்று, தண்ணீரைவிடக் கனமான ஈரம். கண்ணாடி ரப்பர் வழியே மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்தேன். ஆனால் ஒழுகுகிற தண்ணீர் இப்படி ஒட்டாது. என்ன என்று தெரியாமல் விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கை இன்னும் மேலே போனது. ஒயர்க் கட்டில் ஒரு கயிறு சுற்றியிருந்தது. கயிற்றில் ஒரு துணி முடிச்சு. அறுத்து வெளியே எடுத்தேன். கறுப்புத் துணி, நனைந்து பாதி கரைந்திருந்தது. உள்ளே கல் உப்பு இருந்த இடத்தில் சேறு. ஒரு துண்டுப் படிகாரம், விளிம்பு மழுங்கி. மூன்று நாலு மிளகாய் வற்றல், ஊறி உப்பி. வீட்டு வாசலிலும் கடைக் கல்லாவிலும் கட்டுகிறோமே, கண்பட்டு விடக்கூடாது என்று, அதே முடிச்சு. கல் உப்பு காற்றின் ஈரத்தைக் குடிக்கும், மழைக்காலத்தில் தானே வேர்க்கும். வேர்த்த தண்ணீர் துணி வழியே இறங்கி, கீழே இருந்த பிளாஸ்டிக் இணைப்புக்குள் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. ஹாரன் ஒயரும் விளக்கு ஒயரும் அதற்குள்தான் பக்கம் பக்கமாக இருந்தன. இணைப்பு பச்சை பூத்து, உருகி, பக்கத்து இரும்புத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது.

மகளும் நானும் அந்த முடிச்சைப் பார்த்தோம். காருக்குள் முடிச்சுப் போடுகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

என் மனைவி அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். கண்ணில் பட்டதும் அவள் கேட்டது இதுதான்:

"அத ஏன் அவுத்தீக?"

"நீ கட்டுனதா?"

"வேற யாரு கட்டுவா? அத ஏன் அவுத்தீகன்னு கேக்குறேன்."

மகள் தலை சொட்டச் சொட்டப் பின்னாலேயே வந்து நின்றாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. சித்திரையில் வந்தபோதுகூட.

"நான் போகக்கூடாதுன்னு கட்டிருக்க."

"ஆமா."

"தொண்டிக்குப் போகக்கூடாதுன்னு. தை பொறந்ததும் என்னையத் திருச்சிக்கு அனுப்பணும்னு."

"லூசு" என்றாள் என் மனைவி. வெங்காயத் தோலை ஊதிவிட்டாள். "தொண்டியப் பத்தி எனக்கு அப்ப என்னத்தத் தெரியும்? நீ வந்த அன்னிக்கே கட்டுனது. நீ குளிக்கப் போயிருந்த. உங்கப்பா சாவிய ஆணியில மாட்டிட்டுப் படுத்துட்டாரு. நான் போயிக் கட்டுனேன். அந்த ஒயரு கயிறு மாதிரி வாகா இருந்துச்சு."

"எதுக்கு?"

"இந்த வண்டி உன்னைய மறுபடி அந்த வீட்டு வாசல்ல கொண்டு போயி விட்டுறக்கூடாதுன்னு."

வண்டி என்றுதான் சொன்னாள். ஓட்டுகிறவனைச் சொல்லவில்லை.

மகள் மெதுவாகக் கேட்டாள், "பின்ன எல்லாருகிட்டயும் போயிருவா, போயிருவான்னு சொன்ன?"

"சொன்னாத்தானடி வாய மூடுவாக. இல்லாட்டி ஒவ்வொருத்தியா வந்து இங்கன உக்காந்துக்கிட்டு உனக்குப் புத்தி சொல்லுவாளுக. யாரு காப்பி போடுறது?"

எனக்கு எதையாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "உப்புத் தண்ணி கரண்ட்டக் கடத்தும். அதுனாலதான் ஷார்ட் ஆகி, திருமயத்துக்கிட்ட புகை வந்து, போக முடியாம ஆச்சு. தீப்பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். கட்டுனேன். போகல."

"நான் சொல்றது வேற."

"ஒண்ணும் வேற இல்ல. நீங்க ஒயருங்கிறீக, நான் முடிச்சுங்கிறேன். புள்ள வீட்டுக்குத் திரும்பி வந்துச்சா, இல்லையா?" சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்தாள். பிறகுதான் தீ என்ற சொல் அவளுக்குள் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். உரித்த வெங்காயம் கையிலிருந்து நழுவியது. "தீப்பிடிக்குமா, நெசமாவா?" என்றாள். "உள்ள அவளும் உக்காந்திருந்தாளே."

மகள் சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலில் ஈரத்தலையைச் சாய்த்துக்கொண்டாள். "தள்ளிப் போடி, சேல நனையுது" என்றபடியே அவள் மகளின் தலையை முந்தானையால் துவட்டினாள். எனக்கு அதில் இடம் இல்லை. வெளியே போய் மழையில் காரின் கதவுகளைச் சாத்தினேன். பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுட்டது.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். முடிச்சைக் காட்டியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஆச்சரியந்தான் சார். நான் எலின்னேன், கடைசியில பாத்தா வீட்டுக்காரம்மா." உள்ளே பார்த்து, "அக்கா, திருஷ்டி கழிக்கிறதுன்னா பம்பர்ல கட்டுங்கக்கா. வண்டியோட ஈரலுக்குப் பக்கத்துல கட்டலாமா?" என்றார்.

"நீங்க மொதல்லயே கண்டுபிடிக்க வேண்டியதுதானே?" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "ஹாரனப் போயி மாத்துனீகளே, பாவம், அது என்ன பண்ணுச்சு?"

அவர் உருகிய இணைப்பை வெட்டி எறிந்தார். புதிதாக இணைக்க ஒயரின் மேலுறையைச் சீவினார். உள்ளே செம்பு இல்லை. கறுப்பும் பச்சையுமாகப் பொடி. இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிச் சீவினார். அங்கேயும் கறுப்பு. வெளியே உறை புதுசு மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. உள்ளே உப்பு ஏறிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"இது உள்ளுக்குள்ளயே ஓடிருக்கு சார். செவப்பாச் செம்பு தெரியிற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும். கறுத்த எடத்துல பத்த வச்சா நிக்காது."

மகள் டார்ச் பிடித்தாள். வெட்டினார். சீவினார். வெட்டினார். துண்டுகள் என் காலடியில் விழுந்தன. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தேன். இதில் எந்தத் துண்டு திருமயம், எந்தத் துண்டு அதற்கு முன்னால், கல்யாண மண்டபத்தில் அவன் என் மகளின் செல்போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோமே, அது எந்தத் துண்டு என்றெல்லாம் மனம் ஓடியது. இப்படி ஓடுகிற மனம் எனக்கு இப்போது இதை எழுதத்தான் உதவும். ஒரு ஒயரைச் சீவ உதவாது. கடைசியில் உறைக்குள் செம்பு தெரிந்தது. ரோஜாச் சிவப்பாக, ஈரமில்லாமல். மகள் "போதும்ணே" என்றாள். புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றினார். மழை பெய்துகொண்டே இருந்தது. விளக்கைப் போட்டோம். ஹாரனை அழுத்தினால் மட்டும் அடித்தது.

இருந்தாலும் அன்றும் மறுநாளும் நான் அடிக்கடி போய்க் கார் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வெட்டியது போதுமா? கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் மேலே எங்காவது ஏறியிருந்தால்? போகிற ஊரோ தொண்டி. அங்கே கடல். அங்கே சுவரும் கதவும் கம்பியும் எல்லாமே உப்பைச் சுவாசிக்கின்றன. என் பயம் காரைப் பற்றியது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு கிளம்பினாள். பின் இருக்கையில் பெட்டி, பாய், குக்கர், ஊறுகாய்ப் பாட்டில்கள். இந்த முறை என் மனைவி எதையும் வெளியே எடுக்கவில்லை. பம்பரில் ஒரு எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். கயிற்றை மகள் இழுத்துச் சோதித்தாள்.

"உப்பு வைக்கலையே?"

"அங்க காத்தே உப்பு. எதுக்குத் தனியா?"

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "திருச்சிக்கா?" என்றார்.

"தொண்டிக்கு" என்றேன். வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்த பல்பை, ஒயரோடு சுருட்டியபடியே, அவள் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அவள் அதை அங்கேயே இருக்க விட்டுச் சாவியைத் திருகினாள்.

வண்டி கிளம்பி ஓரடி நகர்ந்தது. என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கார்க் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மகள் நிறுத்தினாள்.

"ஏத்தா, கருகுற வாசன வந்துச்சுன்னா தாரு, ரோடுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காத. அங்கனக்குள்ளயே நிப்பாட்டிட்டு எறங்கிரு. உங்கப்பாவக் கேக்க வேணாம். எனக்குப் போன் போடு, நான் வந்து கூட்டிக்கிறேன்."

"எப்பிடிம்மா வருவ? உனக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதே?"

"பஸ்ஸு இருக்குல்ல. போ."